பதினொரு வீட்டுப் படி

கடிதம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஊசியக்கா அப்போது ஒரு கால்சட்டையின் பழைய ஜிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். துணி திருத்தும் கடை அவளுடையது. ஊசி என்ற பெயர் தொழிலால் வந்ததா நாக்கால் வந்ததா என்று தெருவில் இரண்டு கட்சி உண்டு. போன வருடத்திலிருந்து அந்தக் கடைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. நகராட்சியின் 'அக்கம்பக்கம்' திட்டத்துக்கு அந்தப் பகுதியின் பொறுப்பாளர் அவள்தான். தெருவுக்கு எது வேண்டுமென்று தெருக்காரர்களே எழுதிக் கேட்கலாம். நகராட்சி சின்ன உதவித்தொகை ஒன்று கொடுக்கும், வேலையைத் தெருவே கூடிச் செய்துகொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது. ஒரு ரப்பர் முத்திரையும் ஊர்ப்பட்ட வசவும் உண்டு.

"என்ன ஊசிம்மா, காதல் கடிதமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் பேசுவார். திட்டத்தின் தெருக்குழுவில் அவரும் ஒருவர்.

"நகராட்சியிலிருந்து. மேட்டு வேலைக்குப் பதில் வந்திருக்கு." உறையைக் கிழித்தவள் படித்தாள், மறுபடியும் படித்தாள். "அண்ணே, இதைக் கொஞ்சம் வாசிங்க. எனக்குக் கண்ணு சரியில்லையா, இவங்களுக்குப் புத்தி சரியில்லையா?"

கண்டக்டர் வாசித்தார். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வரைக்கும் கேட்டது.

"ஒன்று. விண்ணப்பத்துடன் மூன்று படிகள் இணைக்கப்படவில்லை. இரண்டு. படி வழங்க விதிகளில் இடமில்லை. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குள்..." அவர் நிறுத்தினார். "படி ஏன் இணைக்கலைங்கறான். அடுத்த வரியில படியே கிடையாதுங்கறான். காலையில ஒரு ஆளு, மத்தியானம் ஒரு ஆளு எழுதினானா?"

"விண்ணப்பத்தை யாரு எழுதினது?"

"நம்ம கொத்தனாருதான். நீங்க பார்க்கலையா?"

"எப்படிப் பார்ப்பேன்? என் நாத்தனார் கையெழுத்து அதுல இருக்கு. சொந்தக்காரங்க கையெழுத்து இருந்தா பொறுப்பாளர் உறையைப் பிரிக்கக் கூடாதுன்னு இந்த வருஷம் விதி போட்டிருக்காங்களே. ஒட்டின உறை மேல முத்திரையைக் குத்தி அனுப்பினேன்."

அந்தத் தெரு ஒரு சரிவின் அடிவாரத்தில் முடிகிறது. மேலே ஒரு வரிசையில் பதினொரு வீடுகள். கீழேயிருந்து அங்கே போக இருப்பது ஒரு மண்சரிவு மட்டும். பாதி புதைத்த பழைய டயர்களும், விளக்குக் கம்பத்தில் கட்டிய ஒரு கயிறும்தான் ஏறுகிறவர்களுக்குத் துணை. ஐந்து மாதத்துக்கு முன்னால் மழை விட்ட ஒரு காலையில் அந்தக் கயிறு கைக்கு எட்டாமல் விழுந்தவள் ஊசியக்காவின் நாத்தனார். இடுப்பெலும்பு. அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போய், மூன்று வாரம் கழித்துத் தூக்கிக்கொண்டே மேலே விட்டார்கள். அதற்கப்புறம் அவள் கீழே இறங்கவில்லை. அண்ணியோடு பேசவும் இல்லை.

மேல்வரிசையில் குடியிருக்கும் கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பினார்கள். கையில் சிமென்ட்டோடு வந்தான்.

"தம்பி, என்னப்பா எழுதின?"

"உள்ளதைத்தான் எழுதினேங்க்கா. படி வேணும்னு."

"மூணு படி இணைக்கலையாமே?"

"ஐயையோ, இணைச்சேனே! பாரத்துலயே போட்டிருந்துச்சு, மூன்று படிகள் இணைக்கவும்னு. நமக்குப் பன்னெண்டு வேணும், இவங்க என்ன மூணோட நிறுத்தறாங்கன்னு யோசிச்சேன். சரி, மாதிரிக்குக் கேக்கறாங்கபோலன்னு அழகா மூணு படி வரைஞ்சு குண்டூசி குத்தி அனுப்பினேன். ஒவ்வொண்ணும் ஆறரை அங்குல உயரம்னு அளவுகூடப் போட்டேன்."

கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்தவர் ஊசியக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மூணு நகல் கேட்டிருக்காங்க, தம்பி. படின்னா நகல்."

"நகல்னா நகல்னு எழுதவேண்டியதுதானே? எங்க தொழில்ல படின்னா படிதான்."

நகராட்சிக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். மேசையில் கோப்புகள் மார்பு வரைக்கும் இருந்தன. அவள் கோப்பைத் தேடி எடுத்து, பொறுமையாகவே சொன்னாள்.

"அம்மா, இந்த நிதி பொது வேலைக்கு. சம்பளம், படி, போனஸ் எதுவும் தனி ஆளுங்களுக்குத் தர முடியாது. ஆறாவது விதி. நீங்க பதினொரு பேருக்குப் படி கேட்டிருக்கீங்க."

"மேடம், கொஞ்சம் வாசிச்சுக் காட்டறீங்களா? என் நாத்தனார் கையெழுத்து அதுல இருக்கு, நான் தொடக் கூடாது. கேட்கலாமில்ல?"

அதிகாரி வாசித்தாள். "கோருவது, படி. யாருக்கு, மேல்வரிசையில் உள்ள பதினொரு குடும்பத்துக்கு. காரணம், போன வருடம் கீழ்வரிசைக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மேல்வரிசையில் இருப்பதாலேயே எங்களை விட்டுவிட்டது நியாயமில்லை. படி இல்லாமல் குடும்பம் நடத்துவது மிகவும் சிரமம்." நிமிர்ந்தாள். "மேல்நிலை ஊழியர்கள் பஞ்சப்படி கேக்கறாங்கன்னுதானே தோணும்? நீங்களே சொல்லுங்க."

ஊசியக்காவுக்கு உதடு துடித்தது. சிரிப்பா எரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"மேட்டுக்கு ஏறுற படி, மேடம். கால் வெச்சு ஏறுற படி. படம்கூட இருக்குமே?"

அதிகாரி புரட்டினாள். கடைசித் தாளில் குண்டூசி குத்திய படம் இருந்தது. "இதுவா? யார் வீட்டுக் குழந்தையோ கிறுக்கினது சேர்ந்து வந்துடுச்சுன்னு நினைச்சோம்."

"குழந்தையா?" கொத்தனார் எழுந்துவிட்டான். "இருபத்தெட்டு வருஷமா கட்டடம் கட்டறேன் மேடம். கோடு எப்படி நேரா இருக்குன்னு பாருங்க! எந்தக் குழந்தை ஆறரை அங்குலம்னு எழுதும்?"

"உட்காரு தம்பி. மேடம், இப்ப புரிஞ்சுடுச்சில்ல. மாத்தி எழுதித் தர்றோம்."

"அதுதான் முடியாதும்மா. கடைசித் தேதி போயிடுச்சு. வார்த்தையை மாத்தினா அது புது விண்ணப்பம், வாங்க முடியாது. எழுத்துப் பிழை, விட்டுப்போன எழுத்து இந்த ரெண்டை மட்டும் திருத்தலாம். திருத்தின இடத்துல கையெழுத்துப் போட்ட பதினொரு பேரும் மறுபடி கையெழுத்துப் போடணும். மூணு நகலோட வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மறுபரிசீலனைக் குழு முன்னால வைக்கணும். இன்னொண்ணு, நீங்க அங்க பேசக் கூடாது. நாத்தனார்னு சொன்னீங்களே."

"உள்ள வரக்கூடாதா?"

"வாசல்ல உக்காரலாம்."

"விட்டுட்டா?"

"அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடம் என்றால் அடுத்த மழையும் சேர்ந்துதான். அதைவிட, வருகிற மாதம் முதல் தேதி ஒன்று இருந்தது. நாத்தனார் ஒரு பாடப்புத்தக அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். விழுந்த நாளிலிருந்து தாள்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி எல்லாமே கணினியில்தான், ஒன்றாம் தேதியிலிருந்து வந்து உட்கார்ந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். கொத்தனார் பெண்டாட்டி வழியாக ஊசியக்காவுக்கு அது தெரியும். தனி ஆள். அந்த வேலைதான் அவளுக்குச் சோறும் வீறாப்பும்.

அதிகாரி கோப்பிலிருந்து விண்ணப்பத்தைக் கழற்றி, கொத்தனாரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அவனிடம் கொடுத்தாள். படியில் இறங்கும்போது கண்டக்டர் கேட்டார், "விட்டுப்போன எழுத்து எதுன்னு யாரு சொல்றது?"

"அது ஒருத்திக்குத்தான் தெரியும்," என்றாள் ஊசியக்கா.

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து மேலே ஏறினாள். ஏழாவது டயரில் செருப்பு வழுக்கியது. ஐந்து மாதத்தில் அவள் ஏறி வந்தது இது ஒன்பதாவது தடவை. எட்டுத் தடவையும் கதவு திறந்திருந்தது, வாய் திறக்கவில்லை. கொண்டுபோன சாப்பாட்டைக் கழுவிய பாத்திரமாகக் கொத்தனார் வீட்டில் கொடுத்தனுப்புவாள் நாத்தனார். அவ்வளவுதான் பேச்சு.

நாத்தனாருக்கு ஐம்பத்திரண்டு வயது. குடும்பத்தில் கடைசி என்பதால் பொடிசு என்ற பெயர் இன்னும் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து நடக்கும் நடைச்சட்டம், மடியில் தாள்கள், காதில் சிவப்புப் பேனா.

"பொடிசு, ஒரு வேலையா வந்தேன்."

தாள் ஒன்று புரண்டது.

"மேட்டுப் படி விண்ணப்பம் திரும்பி வந்துடுச்சு. ஒரு திருத்தம் போடணும். உன் கையெழுத்தும் வேணும்."

"கொத்தனாரே," என்றாள் பொடிசு, "நான் போட மாட்டேன்னு உங்ககூட வந்தவங்ககிட்ட சொல்லிடுங்க."

கொத்தனார் இரண்டு பேரையும் பார்த்தான். "எனக்குக் கலவை காஞ்சுடும். நான் வெளிய நிக்கறேன்," என்று பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு நழுவினான்.

ஊசியக்கா தரையிலேயே உட்கார்ந்தாள். "என்கிட்டயே சொல்லு. திட்டணும்னா திட்டு. எட்டுத் தடவை வந்துட்டேன்."

"திட்டறதுக்கு என்ன இருக்கு? போன வருஷம் கூட்டத்துல ஓட்டு சரிசமமா நின்னுது. படியா, கீழே பெஞ்சாங்கறப்ப, நீங்கதான் கையைத் தூக்குனீங்க. பெஞ்சுக்கு."

'நீ' என்றுதான் முப்பது வருடமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த 'நீங்க' சரியாகப் போய்த் தைத்தது.

"ஆமா. தூக்கினேன். தப்பு."

பொடிசு இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு எடுத்து வைத்ததெல்லாம் கையிலேயே நின்றுபோனது.

"ஏன் தூக்குனீங்க?"

"பொறுப்பாளர் ஆனவுடனே முதல் வேலையா நாத்தனார் வீட்டு வாசலுக்குப் படி கட்டிக்கிட்டான்னு ஊர் சொல்லும்னு பயந்தேன்."

"ஊர் சொல்லலை. எலும்பு சொல்லுச்சு."

"அதான் சொல்றேனே, தப்புன்னு. வேறெப்படிச் சொல்ல? பத்து வீட்டுக்காரங்களும் உன்னை மாதிரிதான் அந்தக் கயித்தைப் பிடிச்சு இறங்கறாங்க. உனக்குச் சாதகமா ஆகிடும்னு பயந்து பத்துப் பேருக்கும் பாதகம் பண்ணிட்டேன். இந்த வருஷம் ஊர் என்ன வேணா சொல்லட்டும். வியாழக்கிழமை இது போயே ஆகணும். என் மேல கோபம்னா கோபத்தோடயே போடு கையெழுத்தை. பாரத்துல கோபத்துக்குக் கட்டம் இல்லை."

பொடிசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் மேசைமேல் ஒரு எழுதிய தாள் இருந்தது. முப்பது வருடப் பழக்கம் கண்ணை அங்கேயே இழுத்தது. முதலில் ஓரக்கண், அப்புறம் முழுக்கண், அப்புறம் கை.

"இது என்ன... 'படி இல்லாமல் குடும்பம் நடத்துவது'..." தோள் குலுங்கியது. "யாருக்குப் படி கேட்டிருக்கான் இவன்? மந்திரிக்கா? இதை நான் படிக்காமலா கையெழுத்துப் போட்டேன்?"

"வலி மாத்திரை போட்டிருந்தியாம். கொத்தனார் பெண்டாட்டி சொன்னா."

"மாத்திரையைச் சொல்லணும். இல்லாட்டி இந்தக் கண்றாவியை விட்டிருப்பேனா?" சிவப்புப் பேனா காதிலிருந்து இறங்கிவிட்டது. "என்ன விதி சொன்னாங்க?"

"வார்த்தையை மாத்தக் கூடாது. விட்டுப்போன எழுத்தைச் சேர்க்கலாம்."

"அவ்வளவுதானே?" பொடிசு தாளை முழங்காலில் வைத்து, 'படி' என்ற இடத்தில் கூம்பு மாதிரி ஒரு குறி போட்டாள். குறிக்கு மேலே பொடி எழுத்தில் எழுதினாள், 'க்கட்டு'. கீழே இன்னொரு 'படி'. அங்கேயும் அதே. "படிக்கட்டு. விட்டுப்போன எழுத்து நாலு, ரெண்டு இடத்துல. வார்த்தை மாறலை, நிறைஞ்சிருக்கு. எந்தக் குழு வேணா வந்து கேட்கட்டும்."

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வராத கண்ணீர் இப்போது எதற்கு வருகிறதென்று ஊசியக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

பேனா தானாக அடுத்த வரிக்குப் போனது. "சிரமத்துக்கு வல்லின 'ற' போட்டிருக்கான் பாரு..."

"தொடாதே!" என்று கத்தினாள் ஊசியக்கா. "அதையும் திருத்தினா, ஏன் இவ்வளவு சிவப்புன்னு ஒருத்தன் கேட்பான். கேள்வி வரவே கூடாது."

"சிறமம்! ஒரு பிழையைத் தெரிஞ்சே விட்டுட்டு அதுக்குக் கீழே என் கையெழுத்தா?"

"கண்ணை மூடிக்க."

"உனக்கென்ன அண்ணி, உன் தையல் கோணினா பிரிச்சுத் தைப்ப." 'உனக்கென்ன' என்று வந்ததை இருவருமே கவனித்தார்கள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. பொடிசு பேனாவை மூடினாள். "பத்து வீட்டுலயும் வாங்கிட்டு வரட்டும். கடைசிக் கையெழுத்து என்னது. பத்துல ஒண்ணு குறைஞ்சாலும் எனக்குன்னு யாரும் படி கட்ட வேண்டாம்."

அன்று சாயங்காலத்துக்குள் கொத்தனாரையும் சேர்த்து ஒன்பது கிடைத்தது. ஊசியக்கா பாரத்தைத் தொடவில்லை, கொத்தனார்தான் நீட்டினான். அவள் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். ஒரு வீட்டில், "இன்னும் எத்தனை தடவை போடறது? சொத்தையே எழுதி வைக்கிற மாதிரி இருக்கு," என்றார்கள். இன்னொரு வீட்டில் அரைமணி நேரம் பெஞ்சைத் திட்டினார்கள். அவள் நின்று வாங்கிக்கொண்டாள்.

பத்தாவது ஆள் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்டு. புதன்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும் வரை ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றார்கள். ரப்பர் உறையைக் கழற்றிக்கொண்டே வந்த பெண், "இதுக்கா இவ்வளவு தூரம்? ராத்திரி நான் வீட்டுக்கு வருவேனே," என்றாள்.

"ராத்திரி நீ பதினோரு மணிக்கு வருவ. அப்புறம் நகல் எடுக்கிற கடை இருக்காது. போடு."

"கை ஈரமா இருக்கே, அக்கா."

ஊசியக்கா தன் உடுப்பின் நுனியால் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள்.

பொடிசு பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபிறகு பதினொன்றாவதாகப் போட்டாள். சிறமத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டுதான் போட்டாள்.

வியாழக்கிழமை கண்டக்டருக்கு வாசலில் கடைசிப் பாடம் நடந்தது.

"கத்தாதீங்கண்ணே. அது பஸ்ஸில்ல."

"தெரியும் ஊசிம்மா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன வருஷம் ஏன் கட்டலைன்னு கேட்டா, நடந்ததைச் சொல்லுங்க. யார் ஓட்டுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"அதை எதுக்குச் சொல்லணும்?"

"மறைச்சு, அப்புறம் தெரிஞ்சா எல்லாம் போயிடும். சொல்லுங்க."

கதவைச் சாத்தினார்கள். அவர் பேசினால் சுவர் தாண்டிக் கேட்கும் என்ற தைரியத்தில்தான் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. கதவருகே போய்க் காதை வைத்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கண்டக்டர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். போகிற பியூன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இருபது நிமிடம் கழித்துக் கண்டக்டரும் கொத்தனாரும் வெளியே வந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சு?"

"கத்தாதேன்னு சொன்னீங்க."

"இப்ப கத்துங்க!"

"கொடுத்துட்டாங்க!" என்று அவர் கத்தியதில் மூன்று அறைக் கதவுகள் திறந்தன. "திருத்தத்தைப் பார்த்துட்டு, இது யாரு போட்டது, அச்சுல வர்ற மாதிரி இருக்கேன்னாங்க. ஓட்டு யாருதுன்னும் கேட்டாங்க. சொன்னேன். வாசல்ல உட்கார்ந்திருக்காங்கன்னேன். ஒரு அம்மா மட்டும் 'சரிதான்'னு தலையாட்டினாங்க. ஆனா ஒரு நிபந்தனை. மேல்வரிசை மட்டும் வேலை செஞ்சாப் போதாது. கீழ்வரிசையிலிருந்து பாதிப் பேர் வரணும். இல்லாட்டி தெரு வேலைன்னு சொல்ல முடியாதாம்."

"எத்தனை நாள்ல?"

"மாசக் கடைசிக்குள்ள."

பதினேழு நாள் இருந்தது. கீழ்வரிசையைச் சேர்க்க அவளுக்கு நாலு நாள் பிடித்தது. மருந்துக்கடைக்காரர், "எனக்கு மேலே என்ன வேலை? நான் எதுக்கு மண் சுமக்கணும்?" என்றார்.

"நீங்க சாயங்காலம் சாய்ஞ்சு உட்கார்றீங்களே, அந்தப் பெஞ்சு யாரு ஓட்டுல வந்துது?"

"உங்க ஓட்டுல."

"அதுக்காக ஒருத்தி அஞ்சு மாசமா உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கலை. ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வாங்க. மண்வெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க, இல்லாட்டி கையை எடுத்துட்டு வாங்க."

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். டயர்களைத் தோண்டி எடுக்கவே ஒரு நாள் ஆனது. கல்லும் மணலும் கைமாறிக் கைமாறி மேலே போயின. ஊசியக்கா சல்லடையில் மணல் சலித்தாள். தையல்காரி சலித்தால் ஒரு பொடிக் கல்கூடத் தப்பாது என்று கொத்தனார் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஜன்னலிலிருந்து பொடிசு எல்லாருக்கும் பொதுவாகச் சத்தம் போட்டாள். "கொத்தனாரே, அஞ்சாவது கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சிருக்கு!"

"மட்டம் வெச்சுப் பார்த்துட்டேன்மா, சரியா இருக்கு!"

"மறுபடி வைங்க!"

வைத்தான். அரை அங்குலம் சரிந்திருந்தது. பிரித்துக் கட்டினான்.

பன்னிரண்டு படி, ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி. கடைசிப் பூச்சு இருபத்தெட்டாம் தேதி முடிந்தது. ஈரம் காயும் வரை யாரும் கால் வைக்கக்கூடாது என்று கொத்தனார் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டான். இரண்டு நாளும் மேல்வரிசைக்காரர்கள் பக்கத்துச் சேற்றில் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

ஒன்றாம் தேதி காலை ஏழரைக்கு ஊசியக்கா கீழே நின்றாள். மேலே பொடிசு வந்து நின்றாள், ஒரு கையில் கைத்தடி, மறுகையில் கைப்பிடி, தோளில் பை. அவள் பின்னால் பத்து வீட்டுக் கதவிலும் ஆட்கள். ஊசியக்கா ஒரு கால் எடுத்து முதல் படியில் வைத்தாள்.

"அங்கேயே நில்லு அண்ணி. பிடிக்க வந்தா திரும்பிப் போயிடுவேன்."

ஊசியக்கா காலை எடுத்துக்கொண்டாள். வலது கால், தடி, இடது கால். ஒவ்வொரு படியிலும் ஒரு மூச்சு. ஆறாவதில் வலி முகத்துக்கு ஏறியது, வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், மறுபடி இறங்கினாள். கண்டக்டர்கூட வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாவதிலிருந்து தெருவில் கால் பட்டபோது நெற்றி முழுக்க வியர்வை.

"பஸ் எத்தனைக்கு?"

"எட்டு பத்துக்கு. பையைக் கொடு."

"நான் தூக்கிக்குவேன். சாயங்காலம் ஏறும்போது கொடுக்கிறேன், அப்ப தூக்கு." பொடிசு தடியை ஊன்றிக்கொண்டாள். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? நடந்தாத்தானே பஸ்ஸைப் பிடிக்க முடியும்."